சென்னையிலிருந்து ஜித்தா: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு?

சென்ற வாரம் திருவந்திபுரத்திலிருந்து ஒரு குடும்பத்தார் நம்மைப் பார்க்க வந்திருந்தார்கள். அத்தாவும் அம்மாவும் உம்ராவுக்குப் புறப்படுகிறார்கள். மகன் பயணச்சீட்டைக் கைப்பேசியில் காட்டினார். சென்னையில் புறப்படும் நேரம் பிற்பகல் 2.30. ஜித்தாவில் இறங்கும் நேரம் மாலை 6.00.

“ஹஜ்ரத், மூன்றரை மணி நேரம்தானே! அத்தாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. மதியம் சாப்பிட்டு ஏறினால், இறங்கியதும் இரவுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொள்வார். இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டோம். அங்கே இறங்கிக் கட்டிக்கொள்ளலாம் அல்லவா?” என்று கேட்டார்.

படித்த பிள்ளைதான். பெற்றோர் மேல் அக்கறை உள்ள பிள்ளையும்கூட. ஆனாலும் அந்தப் பேச்சில் இரண்டு பிழைகள் இருந்தன. பயண நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டதால் நோயாளியான தந்தையின் உணவு நேரம் தவறப் பார்த்தது. எந்த இடத்தைத் தாண்டி விமானம் போகிறது என்று தெரியாததால் இஹ்ராமே தவறப் பார்த்தது. நம் கடலூர், சிதம்பரம் பகுதியிலிருந்து ஆண்டு முழுவதும் உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் குடும்பங்கள் போய்வருகின்றன. எனவே இந்தத் தூரத்தையும் நேரத்தையும் ஒரு முறை தெளிவாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

பயணச்சீட்டைப் படிப்பது எப்படி?

பயணச்சீட்டில் உள்ள இரண்டு நேரங்களும் ஒரே கடிகாரத்தின் நேரங்கள் அல்ல. புறப்படும் நேரம் இந்திய நேரம். இறங்கும் நேரம் சவூதி நேரம். சவூதி கடிகாரம் நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நமக்குப் பகல் 12.00 என்றால் அங்கே காலை 9.30.

ஆகவே போகும்போது, சீட்டில் தெரியும் இடைவெளியோடு இரண்டரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். 2.30 முதல் 6.00 வரை மூன்றரை மணி நேரம்; அதோடு இரண்டரையைக் கூட்டினால் 6 மணி நேரம். அந்த அத்தா ஜித்தாவில் இறங்கும்போது திருவந்திபுரத்தில் இரவு 8.30 ஆகியிருக்கும். அதன் பிறகு குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது, மக்காவுக்குப் பேருந்து என்று இன்னும் சில மணி நேரம் போகும்.

திரும்பி வரும்போது இரண்டரையைக் கழிக்க வேண்டும். ஜித்தாவில் இரவு 10.00 மணிக்கு ஏறி, சென்னையில் காலை 6.00 மணிக்கு இறங்குவதாகச் சீட்டில் இருந்தால், அது எட்டு மணி நேரப் பயணம் அல்ல. ஐந்தரை மணி நேரம்.

சர்க்கரை நோயாளிகள், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மருந்துக்கும் உணவுக்கும் இடையே உண்மையில் எத்தனை மணி நேரம் கழிகிறது என்பதுதான் உடம்புக்குத் தெரியும். கடிகார முள் எங்கே நிற்கிறது என்பது தெரியாது. புறப்படும் முன்பே மருத்துவரிடம் பயண நேரத்தைச் சொல்லி, எப்போது எதை எடுப்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தும் இன்சுலினும் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் வேண்டாம்.

தூரத்தை எப்படி அளக்கிறார்கள்?

சென்னை விமான நிலையத்திலிருந்து ஜித்தா விமான நிலையம் வரை வான்வழித் தூரம் சுமார் 4,450 கிலோமீட்டர். இது பூமியின் மேற்பரப்பில் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய கோட்டின் நீளம்.

பூமி உருண்டை என்பதால் இந்தக் கோடு சுவரில் மாட்டும் வரைபடத்தில் நேராகத் தெரியாது. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் ஒரு பூகோள உருண்டையை எடுத்து, சென்னையில் ஒரு விரலும் ஜித்தாவில் ஒரு விரலும் வைத்து, நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் விழும் பாதைதான் குறுகிய வழி. அது சென்னையிலிருந்து கர்நாடகத்தைக் கடந்து, கோவாவின் பக்கமாக அரபிக் கடலில் இறங்கி, ஓமான் கடற்கரையைத் தொட்டு, ‘வெற்றுக் கால்பகுதி’ எனப்படும் ருப்உல் காலி பாலைவனத்தின் மேலாகச் சென்று, தாயிஃப் பக்கமாக ஜித்தாவை அடையும். விமானிகள் வான்வழிக் கட்டுப்பாட்டு அறை சொல்லும் பாதையில் போவதால் சற்று விலகுவதுண்டு. ஆனாலும் ஏறக்குறைய இதுதான் வழி.

தூரம் அதிகமாக அதிகமாக இந்த வளைவு நன்றாகத் தெரியும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா விமானம் ஒன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் மேலாகப் பறந்து வந்தது. கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் விமானி அறையில் இருந்த அனைவரும் பெண்கள். இரு நகரங்களுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால், எதற்காக வடக்கே அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று தோன்றும். உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் அதுதான் சுருக்கு வழி என்று விளங்கும்.

இந்தக் கணக்கு முஸ்லிம்களுக்குப் புதியது அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் கலீஃபா மஃமூன் காலத்திலேயே பாலைவனச் சமவெளியில் ஒரு டிகிரியின் நீளத்தை அளக்க அறிஞர்கள் அனுப்பப்பட்டார்கள். பின்னர் வந்த அல்பிரூனி, இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியில் உள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தையும் அடிவானத்தின் சரிவையும் அளந்து பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். அது இன்றைய அளவுக்கு வியக்கத்தக்க அளவில் நெருக்கமானது. ஊர்களின் இருப்பிடத்தையும் தூரத்தையும் கணக்கிடுவது குறித்து அவர் ஒரு தனி நூல் எழுதி 1025ஆம் ஆண்டு முடித்தார். கஸ்னா நகரின் கிப்லாவைக் கண்டறிவது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. அன்று கிப்லாவுக்காக வளர்ந்த இந்தக் கோளக் கணக்குதான் இன்று விமானப் பாதைக்கும் பயன்படுகிறது.

தூரம் மாறாது, நேரம் மாறும்

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். அதிகாலையில் போனால் ஒரு நேரம், மாலை நெரிசலில் போனால் வேறொரு நேரம் ஆகிறது. வானத்திலும் அப்படித்தான்.

பெரிய பயணிகள் விமானம் மணிக்கு ஏறக்குறைய 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 4,450ஐ 850ஆல் வகுத்தால் ஐந்தே கால் மணி நேரம் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குமுன் வேகத்தைக் குறைப்பது, இறங்கிய பின் நிறுத்துமிடத்துக்கு வருவது ஆகியவற்றுக்கு முக்கால் மணி நேரம் சேர்த்தால் 6 மணி நேரம். சீட்டில் இருப்பது இந்த மொத்த நேரம்தான்.

இதில் காற்றுக்கும் பங்கு உண்டு. 850 கிலோமீட்டர் என்பது காற்றுக்குள் விமானத்தின் வேகம். எதிர்க்காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் வீசினால் தரையைப் பொறுத்தவரை வேகம் 800 ஆகக் குறையும். பின்னாலிருந்து வீசினால் 900 ஆகும். இந்த ஒரு வித்தியாசமே பயணத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

குளிர்காலத்தில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று ஓடுகிறது. அதனால் போகும் பயணம் நீளும், திரும்பும் பயணம் சுருங்கும். தென்மேற்குப் பருவ மாதங்களில் நம் தென்னிந்தியாவின் மேல் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு காற்றோட்டம் உருவாகிறது. இதை இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1950களில் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார். அந்த மாதங்களில் இரு வழிப் பயண நேரங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் குறையலாம்.

துபாய் வழியாகப் போகிறவர்களுக்கு, சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,900 கிலோமீட்டர், அங்கிருந்து ஜித்தா சுமார் 1,700 கிலோமீட்டர். கூட்டினால் 4,600. தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு முறை ஏறி இறங்குவதும், நடுவே காத்திருப்பதும் சேர்ந்து பயணம் பத்து மணி நேரத்தைத் தாண்டிவிடும். வயதானவர்களை அனுப்பும் பிள்ளைகள், சீட்டு விலை மலிவு என்பதை மட்டும் பார்க்காமல் இதையும் பார்க்க வேண்டும்.

கடைசி அரை மணி நேரம்

இனி அந்த மகன் கேட்ட முக்கியமான கேள்விக்கு வருவோம். ஜித்தாவில் இறங்கி இஹ்ராம் கட்டலாமா?

ஹஜ், உம்ராவுக்குப் போகிறவர்கள் இஹ்ராம் இல்லாமல் கடக்கக் கூடாத எல்லைகளுக்கு மீக்காத் என்று பெயர். கப்பல் காலத்தில் இந்தியர்களுக்கு யலம்லம் மீக்காத்தாக இருந்தது. பம்பாயிலிருந்து ஒரு வாரத்துக்கும் மேலாகக் கப்பலில் போவார்கள். அந்த எல்லை நெருங்குவதை முன்கூட்டியே அறிவிப்பார்கள். குளித்து, இஹ்ராம் உடுத்தி, நிதானமாகத் தயாராவார்கள். 1995ஆம் ஆண்டோடு இந்திய ஹஜ் கப்பல் பயணம் நின்றுபோனது.

இன்று கிழக்கிலிருந்து வரும் விமானம் தாயிஃபுக்கு வடக்கே உள்ள கர்னுல் மனாஸில் எனும் மீக்காத்தின் பக்கமாக வருகிறது. அதற்கும் ஜித்தா விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 130 கிலோமீட்டர்தான். அதாவது விமானம் இறங்க ஏறக்குறைய அரை மணி நேரம் இருக்கும்போதே மீக்காத் கடந்துவிடும். ஜித்தாவில் இறங்கும்போது எல்லை நமக்குப் பின்னால் போயிருக்கும்.

இங்கேதான் வேகத்தின் கணக்கு நமக்குத் தேவைப்படுகிறது. உயரத்தில் பறக்கும் விமானம் ஒரு நிமிடத்தில் 14 கிலோமீட்டர் போகிறது. விமானத்தில் கழிவறை வாசலில் வரிசையில் நிற்கும் கால் மணி நேரத்தில் 200 கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. அறிவிப்பு வந்த பிறகு எழுந்து போய் உடை மாற்றலாம் என்று நினைத்தால், நம் முறை வருவதற்குள் மீக்காத் போய்விடும். நமக்குத் தெரிந்த ஒரு பெரியவர் களைப்பில் தூங்கிவிட்டார். அறிவிப்பு அவர் காதில் விழவில்லை. இறங்கிய பிறகுதான் இஹ்ராம் கட்டினார். மீக்காத்துக்குத் திரும்பிப் போக அவருக்கு வழியில்லை. ஹரமில் ஓர் ஆட்டைத் தமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. பணம் போனதைவிட, “முதல் உம்ராவிலேயே தவறிவிட்டதே” என்ற மன வேதனைதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

ஆகவே நாம் சொல்வது இதுதான்: வீட்டிலேயே குளித்துவிடுங்கள். ஆண்கள் இஹ்ராம் துணியைச் சென்னை விமான நிலையத்திலேயே உடுத்திக்கொள்ளுங்கள். துணியை உடுத்துவது மட்டும் இஹ்ராம் ஆகிவிடாது; நிய்யத்துதான் இஹ்ராம். அதை விமானம் ஏறியதும் செய்துகொள்ளலாம். மீக்காத்துக்கு முன்பு செய்தால் தவறில்லை. தூங்கிவிடுவோம் என்று அஞ்சுபவர்கள் முன்கூட்டியே நிய்யத் செய்து தல்பியா ஓதிவிடுவதே பாதுகாப்பு. பெண்களுக்குத் தனி உடை கிடையாது. மாதவிடாய் நாளில் உள்ள பெண்ணும் நிய்யத் செய்து இஹ்ராமில் நுழைய வேண்டும்; தவாஃபை மட்டும் சுத்தமான பிறகு செய்ய வேண்டும்.

நிய்யத் செய்த பிறகு, விமானத்தில் தரும் நறுமணம் கலந்த ஈரத் துண்டால் முகம் துடைக்காதீர்கள். ஆண்கள் குளிருக்குப் போர்வையைத் தலை மேல் இழுத்துக்கொள்ளாதீர்கள்.

சூரியனோடு ஓடும் பயணம்

பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுழல்கிறது. மேற்கே போகும் நம் விமானம் ஒரு மணி நேரத்தில் சுமார் 7 டிகிரி சூரியனைத் துரத்துகிறது. அதனால் விமானத்தில் இருப்பவருக்குச் சூரியன் ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் இறங்கும்.

ரமளானில் இதன் பொருள் என்ன? மார்ச் மாதத்தில் மாலை 4.00 மணிக்குச் சென்னையில் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். ஊரில் 6.20 அளவில் நோன்பு திறந்துவிடுவார்கள். விமானத்தில் இருப்பவருக்கோ நம் கடிகாரப்படி இரவு 8.15 அளவுக்குத்தான் சூரியன் மறையும். உயரத்தில் இருப்பதால் அதற்கும் மேல் சில நிமிடங்கள் தெரியும். நோன்பு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நீண்டுவிட்டது. சன்னலில் சூரியன் தெரியும்போது, “ஊரில் மஃரிப் ஆகிவிட்டது” என்று நோன்பு திறக்கக் கூடாது. நாம் எங்கே இருக்கிறோமோ அந்த இடத்துச் சூரியன்தான் கணக்கு. முடியாதவர்களுக்குப் பயணிக்கு அளிக்கப்பட்ட சலுகை இருக்கிறது. பின்னர் களாச் செய்துகொள்ளலாம். நோயாளிகள் அந்தச் சலுகையை மறுத்து உடலை வருத்திக்கொள்ள வேண்டாம்.

தொழுகையும் அப்படியே. 2.30 விமானத்தில் ஏறுபவர் லுஹரை விமான நிலையத்திலேயே தொழுதுவிட வேண்டும். கடலூரிலிருந்து விமான நிலையம் சுமார் 170 கிலோமீட்டர். கஸ்ருக்கான தூரம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஆகவே அவர் அங்கே பயணிதான். நான்கு ரக்அத்தை இரண்டாகத் தொழலாம். பரங்கிப்பேட்டை போன்ற ஊர்களில் உள்ள ஷாஃபிஈ மத்ஹபினர் அஸரையும் லுஹரோடு சேர்த்து ஜம்உ செய்துவிடலாம். ஹனஃபி மத்ஹபினர் அஸரை அதன் நேரத்தில் விமானத்தில் தொழ வேண்டும். டிசம்பரில் மாலை 6.00 மணிக்கு ஜித்தாவில் இறங்கினால் சூரியன் ஏற்கெனவே மறைந்திருக்கும். ஜூன் மாதத்தில் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்; ஆனால் வரிசையில் நிற்கும்போது அதுவும் கரைந்துவிடும். எனவே ‘இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடாதீர்கள்.

கிப்லா எந்தப் பக்கம்?

இதில் அல்லாஹ் நமக்கு ஓர் எளிமையைத் தந்திருக்கிறான். ஜித்தாவும் மக்காவும் அருகருகே இருப்பதால், சென்னையிலிருந்து குறுகிய பாதையில் போகும் விமானத்தின் முன்பக்கம் பயணத்தின் பெரும்பகுதி கிப்லாவை நோக்கியே இருக்கும். தாயிஃபை நெருங்கும் கடைசிப் பகுதியில்தான் இது மாறும். திரும்பி வரும்போது வால்பக்கம் கிப்லா. இருக்கைத் திரையில் வரும் வரைபடத்தையும் பார்த்துக்கொள்ளலாம். பணியாளர்களிடம் அனுமதி கேட்டு, இடம் இருந்தால் நின்று தொழுங்கள். வழியே இல்லாமல் இருக்கையிலேயே தொழுதவர்கள், பின்னர் அதைத் திருப்பித் தொழுதுகொள்வது பேணுதல்.

இதே நூல் கணக்கை வீட்டிலும் பயன்படுத்தலாம். கடலூரிலிருந்து கஅபா சுமார் 4,380 கிலோமீட்டர். திசை நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 20 டிகிரி சாய்வு. அமெரிக்காவின் நியூயார்க்கில் இருப்பவர்களோ வடகிழக்கை நோக்கித் தொழுகிறார்கள். காரணம் பூமியின் அதே வளைவுதான்.

உங்கள் வீட்டுக் கிப்லாவைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே வருகிறது: மே 28 அளவில் நம் நேரம் பிற்பகல் 2.48க்கும், ஜூலை 16 அளவில் பிற்பகல் 2.57க்கும். அந்த நிமிடத்தில் சூரியன் இருக்கும் திசைதான் கிப்லா. முற்றத்தில் ஒரு கம்பை நேராக நட்டு, அதன் நிழலுக்கு எதிர்ப்பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய்யுங்கள். இதுவரை அறிந்த அளவில் முயன்று தொழுத தொழுகைகள் குறித்துக் கலங்க வேண்டாம். இனி திருத்திக்கொள்வதே போதுமானது.

அந்தத் திருவந்திபுரத்துக் குடும்பத்தார் புறப்படும்போது, மகன் கைப்பேசியில் நான்கு வரிகள் எழுதிக்கொண்டார்: பயணம் 6 மணி நேரம். மருந்தும் இஹ்ராமும் கைப்பையில். ஏறியதும் நிய்யத். லுஹர் விமான நிலையத்தில், அஸர் விமானத்தில். அவருடைய அம்மா சிரித்துக்கொண்டே, “துணியை இன்றைக்கே பெட்டியிலிருந்து எடுத்துவிடு” என்றார்.

ஏறும் முன் கொஞ்சம் கணக்குப் போட்டுக்கொண்டால், ஏறிய பின் வணக்கத்தில் மனம் நிம்மதியாக ஈடுபடும். பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் போகும் பயணம் இது. அரை மணி நேர அறியாமையால் அது குறைபட்டுவிடக் கூடாது. அல்லாஹ் நம் அனைவருக்கும் அவனுடைய இல்லத்தைத் தரிசிக்கும் பாக்கியத்தையும், குறையற்ற ஹஜ், உம்ராவையும், நலமாக வீடு திரும்பும் நற்பேற்றையும் தந்தருள்வானாக. ஆமீன்.